டாக்டர் பார்க்கணுமாம், வியாழக்கிழமை வாங்க

எங்கள் கிளினிக்கில் ரிசல்ட் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. பெரிய டாக்டர் வகுத்த முறை அது. நல்ல ரிசல்ட்டோ கெட்ட ரிசல்ட்டோ, போனில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எல்லோரையும் நேரில்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வாக்கியமும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "டாக்டர் பார்க்கணுமாம், வியாழக்கிழமை வாங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க." கிழமை மட்டும் மாறும். அதையும் முந்தின நாள்தான் சொல்வோம். முன்கூட்டியே சொன்னால் இடையில் இருக்கிற ராத்திரியெல்லாம் ஆளுக்குத் தூக்கம் போய்விடும் என்பார் அவர். கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க ரத்தம் கொடுத்தவருக்கும் அதே வாக்கியம், பெரிய நோயோ என்று பயந்து ரத்தம் கொடுத்தவருக்கும் அதே வாக்கியம்.

கூப்பிடுகிற ஆள் நான். முன்மேசை, போன், அப்பாயின்ட்மென்ட், காத்திருப்பவர்களின் கோபதாபம் எல்லாம் என் தலையில். அந்த வாக்கியத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லப் பழக எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. குரலை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா. பழகிய பிறகு அதை விடுவதுதான் கஷ்டமாகிவிட்டது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே குரல்தான் வரும். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்பார். தினமும் கேட்பார். நான் சிரிக்க மாட்டேன், அதற்காக அவர் விட்டதும் இல்லை.

இந்த வருடம் போர்ட்டல் என்று ஒன்று வந்து சேர்ந்தது. நோயாளி தன் கைபேசியிலேயே அப்பாயின்ட்மென்ட் போடலாம், மருந்துச் சீட்டைப் பார்க்கலாம், ரிசல்ட்டையும் படித்துக்கொள்ளலாம். பெரிய டாக்டருடைய தங்கை மகன்தான் சின்ன டாக்டர். படித்து முடித்து எங்களோடு வந்து சேர்ந்ததிலிருந்து, "இன்னமும் போன் போட்டுக்கிட்டு இருந்தா எப்படிக்கா, ஊரே மாறிப்போச்சு" என்று என் தலையைத் தின்றுகொண்டிருந்தார். நான் அவரை நோயாளிகள் முன்னால் டாக்டர் என்பேன், மற்ற நேரத்தில் தம்பி. கடைசியில் அவர் பெரியம்மாவும், அதாவது பெரிய டாக்டரும், இறங்கி வந்தார். இரண்டு கம்பெனிகள் வந்தன. ஒன்றின் அட்டை நீலம், இன்னொன்று பச்சை. கம்பெனிப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் நீலம் என்றும் பச்சை என்றும்தான் சொன்னோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். லேபிலிருந்து ரிசல்ட் வந்தால் நீலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாக்டர் பார்த்து விடுவித்த பிறகுதான் நோயாளிக்குப் போகும். பச்சை அப்படி இல்லை. ரிசல்ட் வந்த நிமிடமே நோயாளியின் கைபேசி மணியடித்துவிடும். டாக்டர் அப்போது குளித்துக்கொண்டிருந்தாலும் சரி.

நான் நீலத்தின் பக்கம் நின்றேன். பச்சையின் பக்கம் நின்றது எங்கள் நர்ஸ். அவளுக்கு மின்னல் என்று நான்தான் பெயர் வைத்தேன். ஊசி போட்டதே தெரியாது, பஞ்சை வைத்துக்கொண்டு சிரிப்பாள். "அவங்க உடம்பு, அவங்க ரிசல்ட். நடுவுல நாம யாருக்கா?" என்பாள். "நடுவுல இருக்கிறதுக்குத்தான்டி சம்பளம்" என்பேன் நான்.

சில வாரம் இரண்டையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. பரீட்சார்த்தமாகச் சேர ஆட்கள் வேண்டும். நானும் அவளும் காத்திருப்பு ஹாலில் ஓட்டுக் கேட்கிற மாதிரி அலைந்தோம். நான் ஒரு வரிசையில் நீல அட்டையோடு போவேன், அவள் அடுத்த வரிசையில் பச்சை அட்டையோடு போவாள். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரரை நீலத்தில் சேர்த்தேன். அவரும் எங்கள் கிளினிக் நோயாளிதான். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்திவிடுவார் என்று அவர்மேல் டிப்போவில் எப்போதும் ஒரு புகார் உண்டு. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். கடைக்காரர் புது சோப்பு வாங்கச் சொன்னால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் சரி, அதைப் பிடித்துக்கொள்ளவும் சரி. நான் நீலம் என்றேன். "சரி" என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. கோலிக்குண்டு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு, சவரம் செய்யும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவார். பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்த்தவர் உடனே கையை எடுக்கவில்லை. அதிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பெரிய டாக்டரின் மகளுக்குப் பிரசவ நேரம் வந்துவிட்டது, அவர் வெளியூர் போய்விட்டார். வியாழக்கிழமைதான் திரும்புவார்.

திங்கட்கிழமை லேபிலிருந்து போன் வந்தது. லேப்காரர்கள் சும்மா போன் செய்ய மாட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் தானாக வந்து விழும். போன் வருவது ஒரே ஒரு மாதிரி ரிசல்ட்டுக்குத்தான். "இந்த ரிப்போர்ட்டை டாக்டர் உடனே பார்க்கணும், நோயாளி எண் எழுதிக்கிறீங்களா?" என்றது ஒரு பெண் குரல். எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அது யாருடைய எண் என்று தெரிந்தது. "நன்றி" என்று சொல்லி போனை வைத்தேன். எதிரே ஒரு அம்மா, டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன்.

சொந்தக்காரர்களின் ரிசல்ட்டை நாங்கள் திறக்கக் கூடாது. அது விதி. நானே புதிதாக வருபவர்களுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொடுக்கிற விதி. அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி சின்ன டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பெரியம்மாகிட்ட இப்பவே பேசுறேன்க்கா" என்றார்.

பேசிவிட்டு வந்தார். "அவங்க வந்து அவங்களே சொல்றாங்களாம். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொன்னாங்க. உங்களுக்கு..." என்று இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. நான் கேக்கலை."

நான் கேட்கவில்லை. அது உண்மை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது. கால் இருக்கிறது என்று தெரியும். கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். அன்று அப்பாயின்ட்மென்ட் ஒன்றுகூடத் தவறாகப் போடவில்லை நான்.

ஒரே ஒரு நிம்மதி இருந்தது. அவர் நீலத்தில் இருக்கிறார். ரிசல்ட் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வியாழக்கிழமை பெரிய டாக்டர் எதிரே உட்கார்ந்து, நான் பக்கத்தில் இருக்க, அவர் அதைக் கேட்டுக்கொள்வார். தனியாக எங்கேயோ உட்கார்ந்து, சின்ன எழுத்தில், பாதி புரிந்தும் புரியாமலும் படிக்க மாட்டார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனால், "ரிசல்ட் வந்துச்சா?" என்றார்.

"இன்னும் வரலை" என்றேன். அதே குரல். இந்தக் குரலுக்கு நான் அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

"சரி" என்றார். அப்புறம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "இங்க வாயேன்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் மோட்டார் சில நேரம் காற்றுப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அவர்தான் எதையோ திருகி ஓட வைப்பார். "இதை இடது பக்கம் திருப்பணும். புஸ்ஸுன்னு சத்தம் வரும். தண்ணி கசிய ஆரம்பிச்சதும் மூடிடணும். எங்கே, நீ செய் பார்ப்போம்."

"நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா தெரிஞ்சுக்கோ. நான் எங்கேயாவது வெளியே போயிருந்தா?"

"எங்கே போகப் போறீங்க, வீட்டைவிட்டா கடைத்தெரு, கடைத்தெருவை விட்டா வீடு" என்று எரிந்து விழுந்துவிட்டு, இடது பக்கம் திருப்பினேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. "ம், அவ்வளவுதான்" என்றார், பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்ட மாதிரி. வாசல் கதவின் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது, மழை நாளில் இறுகிக்கொள்கிற ஜன்னலை எங்கே தட்டினால் திறக்கும் என்பதையும் சேர்த்துக் காட்டினார். வேலைவெட்டி இல்லாமல் இருந்தால் ஆண்களுக்கு இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து வந்தார். அன்றைக்கு, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரணுமா என்று கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்து அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில் கூட்டம் போட்டோம். சின்ன டாக்டர், மின்னல், நான், கைபேசியின் ஸ்பீக்கரில் பெரிய டாக்டர். பின்னணியில் பேத்தி அழுதுகொண்டிருந்தது. இரண்டு கம்பெனிக்காரர்களும் முந்தின வாரமே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள், இப்போது நாங்கள் முடிவு சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மின்னல் முதலில் பேசினாள். பச்சையில் சேர்ந்தவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, வயதானவர்கள்கூடத் திறந்து பார்க்கிறார்கள், காத்திருப்பதுதான் நோயைவிடப் பெரிய நோய் என்றாள். நன்றாகத்தான் பேசினாள். அவள் அம்மாவின் ரிசல்ட்டுக்காக ஒரு தரம் எங்கேயோ நாட்கணக்கில் காத்திருந்தவள் அவள். அது எனக்குத் தெரியும்.

அப்புறம் என் முறை வந்தது. நான் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு என்னவோ வாய் தானாகப் பேசியது.

"நல்ல ரிசல்ட்டை யார் எங்கே வேணா படிக்கட்டும். கெட்ட ரிசல்ட்டை ஒரு ஆளு எங்கே படிப்பான்னு யோசிச்சுப் பாருங்க. பஸ்ல நின்னுக்கிட்டு படிப்பான். கடை வரிசையில படிப்பான். இல்லைன்னா வீட்ல ஒரு மூலையில உட்கார்ந்து, யாருக்கும் தெரியாம படிப்பான். அந்த நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். டாக்டர் இல்லாட்டி பரவாயில்லை, ஏதோ ஒரு ஆள். தனியா படிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

எல்லாவற்றையும் அந்த ஒரே குரலில்தான் சொன்னேன். சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். மின்னலுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"நீலமே இருக்கட்டும்பா" என்றார் பெரிய டாக்டர் போனில். சின்ன டாக்டர், "எனக்கும் சரி" என்றார். மின்னல் தோளைக் குலுக்கிவிட்டு, "சரிக்கா, ஜெயிச்சுட்டீங்க" என்றாள். நல்ல பெண். மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"அப்ப பச்சையில சேர்ந்தவங்களுக்கெல்லாம், அதை மூடப்போறோம்னு சொல்லிடணும்" என்றார் சின்ன டாக்டர்.

"நானே சொல்லிடுறேன் டாக்டர், நான் சேர்த்த ஆளுங்கதானே" என்று எழுந்தவள், என் தோளில் தட்டினாள். "ஒருத்தருக்கு மட்டும் நீங்களே சொல்லிடுங்கக்கா. உங்க வீட்டுக்காரர்."

"அவர் நீலம்" என்றேன்.

"பச்சையும்தான். அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக வந்து ஹால்ல உட்கார்ந்திருந்தாரே, எனக்கு ஆள் கம்மியா இருக்கு, சேருங்க அங்கிள்னு கேட்டேன். சரின்னுட்டார். ரெண்டு கட்சியிலயும் இருக்கிற ஒரே ஆள் அவர்தான்க்கா." சிரித்தாள்.

சிரித்தது அவள் மட்டும்தான். சின்ன டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். போனில் பெரிய டாக்டர், "என்ன, என்ன சொல்றா?" என்றார்.

கை காட்டினால் நிறுத்திவிடுகிற மனுஷன். யார் கேட்டாலும் சரி. எனக்கும் சரி, அவளுக்கும் சரி.

திங்கட்கிழமை லேப் எனக்குப் போன் செய்தபோது அவர் கைபேசியும் மணியடித்திருக்கிறது. அன்று மாலை ரிசல்ட் வந்துச்சா என்று கேட்டாரே, அப்போதே அவர் படித்துவிட்டிருந்தார். நான் இன்னும் வரலை என்றேன். அவர் சரி என்றார். என்ன நினைத்து அந்தச் சரியைச் சொல்லியிருப்பார்? மோட்டாரின் பக்கத்தில் நின்றுகொண்டு, இடது பக்கம் திருப்பணும் என்று சொன்னாரே. நான் எரிந்து விழுந்தேனே.

"அக்கா, உட்காருங்க" என்றார் சின்ன டாக்டர்.

"நாளைக்கு வர்றவங்களைக் கூப்பிடணும் தம்பி. நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் வர வேண்டியவர்களின் பெயர்கள் மேசையில் இருந்தன. வரிசைப்படி கூப்பிட்டேன். தையல்காரரைக் கூப்பிட்டேன், பள்ளிக்கூட டீச்சரைக் கூப்பிட்டேன். டாக்டர் பார்க்கணுமாம், வியாழக்கிழமை வாங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. குரல் பிசகவில்லை. அப்புறம் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன். கிளினிக் போனிலிருந்து அந்த எண்ணைப் போட்டு நான் இதுவரை வேறு விஷயங்கள்தான் பேசியிருக்கிறேன், கேஸ் வந்ததா, கதவைப் பூட்டினீர்களா என்று.

எடுத்தார். "சொல்லு."

"டாக்டர் பார்க்கணுமாம்" என்றேன். "வியாழக்கிழமை வாங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தார்.

"கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரணுமா?" என்றார்.

"ஆமா."

"நீ வர்றியா?"

"வர்றேன்."

"அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிட்டாளா?" என்று கேட்டார்.

"இப்பதான் சொன்னா. ஏங்க, திங்கட்கிழமையே தெரிஞ்சும் என்கிட்ட..."

"நீயும்தான் சொல்லலை."

"நான் சொல்லக் கூடாது. அது விதி."

"தெரியும். அதான் உன்னைச் சிக்கல்ல மாட்டிவிட வேண்டாம்னு பேசாம இருந்தேன்" என்றார். மாட்டிவிடுவதாம். இந்த மனுஷனை என்ன செய்வது. எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து எனக்குள் வந்த முதல் சமாசாரம் அந்தக் கோபம்தான்.

"தனியா உட்கார்ந்து படிச்சிருக்கீங்க. அது வேண்டாம்னுதான் நான் இங்க தொண்டைத் தண்ணி வத்தப் பேசிட்டு வந்திருக்கேன். எங்க உட்கார்ந்து படிச்சீங்க? மூலையிலயா?"

"இல்லம்மா" என்றார். "மணியடிச்சப்பவே எடுத்துப் பார்த்தேன், என்னமோ ரிப்போர்ட்டுன்னு இருந்துச்சு. திறக்கலை. நீ வர்ற வரைக்கும் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். நீ வந்ததும், வந்துச்சான்னு கேட்டேன். வரலைன்னே. அப்புறம் உள்ளே போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கிட்டு யாரையோ திட்டிக்கிட்டு இருந்தே. அப்பதான் திறந்தேன். நீ திட்டுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் தனியா ஒண்ணும் படிக்கலை."

நான் நினைத்தது தப்பு. அவர் கேட்டபோது படித்திருக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"நீ படிச்சியா?" என்றார்.

"இல்ல. எங்களுக்கு அனுமதி இல்ல. என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப நான் சொல்றேன். பாதி எனக்கே புரியலை, எழுத்துக் கூட்டித்தான் படிக்கணும். பரவாயில்லையா?"

கவுண்டரில் ஒருவர் வந்து நின்று, மருந்துச் சீட்டை நீட்டி ஏதோ கேட்டார். நான் அவரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க சார், வீட்ல பேசிக்கிட்டு இருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"படிங்க" என்றேன். "மெதுவா படிங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."